பின் இருக்கையிலிருந்து இறங்கிய பயிற்றுநர்: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் நகரில் நீண்ட காலமாகக் கார் ஓட்டப் பழக்கிவரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்று, இருசக்கர வாகனத்துக்கெனத் தனியாக ஒரு பயிற்றுநரை உருவாக்க முடிவுசெய்தது. அவரைத் தயார்படுத்தும் மேற்பார்வைப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடக்கம் முதல் அவர் பள்ளியின் பதிவேட்டில் பயிற்றுநராகச் சேர்ந்தது வரை நடந்தவை இங்கே வரிசையாகப் பதிவுசெய்யப்படுகின்றன. பள்ளி, பயிற்சி பெற்றவர், அவரிடம் கற்றவர்கள் ஆகியோரின் அடையாளங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நம் பகுதியில் பைக் ஓட்டக் கற்பது பெரும்பாலும் வீட்டு விவகாரம். அண்ணனோ அப்பாவோ கணவரோ பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் பழக்கிவிடுவார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 'எட்டு' போட்டுக் காட்டும் நாளுக்குச் சற்று முன்னர்தான் பயிற்சிப் பள்ளியின் நினைவே வரும். 2018இல் தமிழக அரசு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கி, வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தபோது, முறையாகக் கற்று உரிமம் பெற விரும்பிய பெண்கள் இந்தப் பள்ளியையும் நாடினார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் பழக்கிவிட ஆள் இல்லை. ஆள் இருந்தவர்களும் அவருடைய கோபத்துக்கு அஞ்சினார்கள். அந்தத் திட்டத்தின் பரபரப்பு அடங்கிய பிறகும் கேட்டு வருபவர்கள் குறையவில்லை. கார் பழக்குபவரே இடையிடையே ஸ்கூட்டரும் பழக்கிவந்த நிலை இனிப் போதாது என்று உரிமையாளர் உணர்ந்ததுதான் இந்த முயற்சியின் தொடக்கம்.

தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் பிரிவில் தேறி, இருசக்கர வாகனப் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லக்கூடியவர். ஏற்காட்டு மலைப்பாதையில் இரவு பகல் பாராமல் ஓட்டிப் பழகியவர். பொறுமைசாலி, குரலை உயர்த்தாதவர். இவ்வளவும் இருப்பதால் பயிற்சிக் காலம் குறுகியதாகவே இருக்கும் என்று பள்ளி எதிர்பார்த்தது. இந்தப் பதிவில் அவரைப் 'பயிற்சிப் பயிற்றுநர்' என்று குறிப்பிடுகிறேன்.

விதிகள் கேட்பதும் கேட்காததும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24ஆம் விதி, பயிற்சிப் பள்ளியின் பயிற்றுநருக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்கிறது. அவர் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். குறைந்தது ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவமும், மோட்டார் மெக்கானிக் சான்றிதழோ இயந்திரப் பொறியியலில் அதற்கு மேற்பட்ட தகுதியோ வேண்டும். சாலைக் குறியீடுகளையும் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளையும் நன்கு அறிந்திருக்க வேண்டும். வாகன உறுப்புகள் இயங்கும் முறையைச் செய்துகாட்டி விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம்மவரிடம் இவை அனைத்தும் முதல் நாளிலேயே இருந்தன. காகிதத்தில் பார்த்தால் பயிற்சியே தேவைப்படாதவர்.

அதே விதியில் இன்னொரு வரி உண்டு. பயிற்சிக்குரிய வாகனங்களில், பயிற்றுநரும் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ ஏதுவாக இரட்டைக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லும் அந்த வரி, மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. காரணம் வெளிப்படை: பைக்கில் இரண்டாவது கிளட்சையும் பிரேக்கையும் பொருத்த இடமில்லை. ஆனால் பழகுநர் உரிமம் பற்றிய 3ஆம் விதி, கற்பவருடன் செல்லும் பயிற்றுநர் வாகனத்தைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் சைக்கிளில் கற்பவர், இந்த நோக்கத்துக்காகவன்றி வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது என்றும் சொல்கிறது. பின் இருக்கையில் அமர்ந்திருப்பவரால் உண்மையில் எதைக் கட்டுப்படுத்த முடியும்? கார் பயிற்றுநரின் காலடியில் பிரேக் இருக்கிறது. பைக் பயிற்றுநருக்கு இருப்பவை இரண்டு கைகளும், தரையைத் தொடும் இரண்டு கால்களும், ஒரு வாயும்தான். இந்த நிகழ்வில் எழுந்த சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்தே கிளைத்தன என்பது என் கணிப்பு.

பாடத்திட்டத்தைச் சொல்லும் 31ஆம் விதிப்படி, போக்குவரத்து வகை சாராத, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனங்களுக்கு 21 நாட்களுக்குக் குறையாத பயிற்சியும் 10 மணி நேரத்துக்குக் குறையாத நேரடி ஓட்டமும் வேண்டும். ஓட்டிய நேரத்தை 15ஆம் படிவப் பதிவேட்டில் எழுதுகிறோம். அதில் மணிக்கணக்கு தெரியும். அந்த மணி நேரத்தில் கற்றவர் என்ன செய்தார் என்பது தெரியாது. அதனால் தனியாக ஒரு குறிப்பேடு வைத்தோம். கீழே வரும் பெரும்பாலான செய்திகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை.

முதல் வாரங்களில் கண்டவை

பயிற்சிப் பயிற்றுநரிடம் மூவரை ஒப்படைத்தோம். ஒருவர் சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரிந்த, கியர் வண்டியே ஓட்ட வேண்டும் என்று விரும்பிய கல்லூரி மாணவி. இன்னொருவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும், நாற்பது வயதை நெருங்கிய பெண். அவர் சைக்கிள்கூட ஓட்டியதில்லை, ஸ்கூட்டர் கற்க வந்தார். மூன்றாமவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றின் மேஸ்திரி. தோட்டத்துக்குள் பல ஆண்டுகளாக பைக் ஓட்டுபவர், உரிமம் மட்டும் எடுக்காதவர்.

முதல் வாரத்தின் முடிவில் பயிற்சிப் பயிற்றுநர் நிறைவோடுதான் இருந்தார். அவர் பின்னால் உட்கார, மாணவியும் கொலுசுப் பட்டறைப் பெண்ணும் மைதானத்தை வட்டமாகச் சுற்றி வந்தார்கள். வண்டி ஆடவில்லை, யாரும் விழவில்லை. ஆனால் அவர் இறங்கிக்கொண்டு தனியாக ஓட்டச் சொன்னதும், மாணவியின் வண்டி சில அடிகளிலேயே பாம்பு போல வளைந்து நின்றது. கொலுசுப் பட்டறைப் பெண் ஆக்சிலேட்டரை முறுக்கவே மறுத்துவிட்டார். "நீங்க பின்னாடி இருந்தாத்தான் வருதுங்க" என்பது அவர் சொன்ன காரணம். அதை அச்சத்தின் வெளிப்பாடு என்று பயிற்சிப் பயிற்றுநர் எடுத்துக்கொண்டார். எனக்கு அது துல்லியமான தகவலாகத் தோன்றியது.

அடுத்த நாள், அவரைப் பின்னால் உட்காரவைத்து, கால்களைக் கால்தாங்கியிலும் கைகளைத் தன் முழங்காலிலும் வைத்தபடி இடுப்பை அசைக்காமல் இருக்கச் சொன்னேன். மாணவி வண்டியை எடுத்ததும் அதே வளைச்சல் திரும்ப வந்தது. அதுவரை வண்டி சாய்ந்த ஒவ்வொரு முறையும் அவர் தன் இடுப்பை எதிர்ப்பக்கம் நகர்த்திச் சரிசெய்திருக்கிறார். வேகம் மிகக் குறைந்தபோது தரைக்கு மேலே தயாராகத் தொங்கிய கால்களால் லேசாகத் தட்டிக்கொடுத்திருக்கிறார். கைப்பிடி நடுங்கியபோது தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அதை அழுத்தியிருக்கிறார். இவற்றில் எதையும் அவர் அறிந்து செய்யவில்லை. நீண்ட நாள் ஓட்டியவரின் உடல் தானாகச் செய்தது. ஆகவே அந்த வாரம் முழுதும் வண்டியை ஓட்டியவர் அவரே. முன்னால் இருந்தவர் பயணிதான்.

இரண்டாவது கவனிப்பு அவருடைய சொற்களைப் பற்றியது. ஒரு காலைப் பயிற்சியில் அவர் சொன்ன ஒவ்வொரு அறிவுறுத்தலையும், அப்போது வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். "பேலன்ஸ் பண்ணுங்க", "பயப்படாதீங்கக்கா", "பாத்துப் போங்க", "மெதுவா, மெதுவா" ஆகியவையே அதிகம். இவற்றுள் எதைக் கேட்டும் கற்பவரால் கையாலோ காலாலோ எதையும் செய்ய முடியாது. சமநிலை என்பது, கிளட்சைச் சரியான இடத்தில் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து, பார்வையைத் தூரத்தில் வைத்தால் கிடைக்கும் பயன். அதையே கட்டளையாகக் கொடுத்தால் கேட்பவர் உடம்பை விறைத்துக்கொள்வார். "மெதுவா" என்பதற்கும் நிலையான பொருள் இல்லை: கிளட்சை மெதுவாக விடுவதா, வேகத்தைக் குறைப்பதா என்று தெரியாமல் மாணவி ஒருமுறை இரண்டையும் செய்ய, எஞ்சின் ஆஃப் ஆனது. மேலும், அறிவுறுத்தலில் பாதி, நிகழ்வு முடிந்த பிறகே வந்தது. வண்டி குலுங்கி நின்ற பின் "கிளட்ச், கிளட்ச்" என்று சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை.

ஸ்கூட்டர் பாடத்தில் வேறொன்று தென்பட்டது. 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சி.சி. வரையிலான வண்டிகளில் கூட்டு பிரேக் அமைப்போ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்போ கட்டாயம். பள்ளியின் ஸ்கூட்டரில் கூட்டு அமைப்பு இருந்தது. இடது கைப்பிடியை அழுத்தினால் இரண்டு சக்கரங்களும் பிடிக்கும். இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கான அவர், கற்பவரிடம் மட்டும் "இடது பக்கம் பின் பிரேக்" என்றே சொல்லிவந்தார். தன் முதல் வண்டியில் கற்ற வாய்ப்பாடு அவர் நாவில் தங்கியிருந்தது. பட்டறை அறிவும் பாட அறிவும் அவருக்குள் தனித்தனி அறைகளில் இருந்தன என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

மேஸ்திரியிடம் நிலைமை தலைகீழ். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதால் பயிற்சிப் பயிற்றுநர் அவரிடம் எதையுமே சொல்லவில்லை. இருவரும் எஞ்சின் ஆயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே சுற்றினார்கள்.

இறங்குவது என்ற முடிவு

மைதானப் பயிற்சி முடியும்வரை பயிற்றுநர் வண்டியில் ஏறவும் கூடாது, ஓடும் வண்டியைத் தொடவும் கூடாது என்று முடிவுசெய்தோம். உரிமையாளர் இதை எளிதில் ஏற்கவில்லை. அவருடைய மறுப்பு நியாயமானது: பின்னால் ஆள் இல்லாமல் ஒருவர் விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் பெயர் கெடும், விதியும் பயிற்றுநர் உடன் இருக்க வேண்டும் என்கிறது. விதியைப் பொறுத்தவரை, ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்ற 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு பொது இடத்தில் ஓட்டுவதைப் பற்றியது. எனவே சுற்றுச்சுவரும் பூட்டும் கதவும் உள்ள, வெளியார் நுழையாத தனியார் வளாகம் ஒன்றை அதிகாலை நேரத்துக்கு வாடகைக்குப் பிடித்தோம். அதற்கு முன் பயன்படுத்திய மைதானத்தில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களும் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களும் இருந்ததால், அங்கே இந்த முறையை நான் அனுமதித்திருக்க மாட்டேன். காயம் பற்றிய அச்சத்துக்கு, லெக் கார்டு பொருத்திய இலகுவான வண்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட், மூடிய காலணி, முழுக்கை உடை ஆகியவற்றைக் கட்டாயமாக்கினோம். நடக்கும் வேகத்தைத் தாண்டுவது பிரேக் பாடம் முடிந்த பிறகே என்றும் வரிசையை மாற்றினோம்.

இரண்டாவது முடிவு பேச்சு பற்றியது. ஓட்டத்துக்கு முன் ஒரே ஒரு வேலை, அதை ஒரே வாக்கியத்தில் சொல்வது. வண்டி நிற்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. நின்ற பின் முதலில் கற்பவரைப் பேசவிடுவது. ஆபத்து என்றால் மட்டும் "நிறுத்துங்க" என்ற ஒற்றைச் சொல். பயிற்சிப் பயிற்றுநருக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். வண்டி சாயும்போது சும்மா நிற்பது பொறுப்பின்மை போலத் தனக்குப் படுவதாக அவர் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்படி சொன்னேன். அதை மரியாதைக் குறைவாக அவர் எடுத்துக்கொள்ளாதது அவருடைய நல்ல குணம்.

மைதானத்தில்

கொலுசுப் பட்டறைப் பெண்ணுக்கு ஸ்கூட்டரைச் சைக்கிளாக மாற்றினோம். வளாகத்தின் ஒரு பகுதியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறு சரிவு இருந்தது. எஞ்சினை அணைத்து, இரு கால்களாலும் தரையை உந்தி, சரிவில் வண்டி தானாக உருளும்போது கால்களைத் தூக்கி, இடது கை பிரேக்கால் நிறுத்துவது என்பதே சில நாட்களுக்கு அவருடைய முழுப் பாடம். ஆக்சிலேட்டர் என்ற பேச்சே இல்லை. அவருக்கு அச்சம் தந்தது வேகம் என்று எல்லாரும் எண்ணியிருக்க, நிறுத்த முடியுமா என்ற ஐயமே காரணம் என்பது இங்கே தெளிந்தது. நிறுத்தத் தெரிந்ததும் கால்கள் தாமாக மேலே ஏறின.

மாணவிக்குக் கிளட்ச் பாடம் நீண்டது. வண்டியை முதல் கியரில் வைத்து, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் வண்டி ஒரு சாண் நகர்ந்ததும் மீண்டும் அழுத்தி நிறுத்துவது. இதையே திரும்பத் திரும்ப. சலிப்பூட்டும் பாடம் என்று பயிற்சிப் பயிற்றுநர் கருதியதால் ஒவ்வொரு முறையும் விரைவாக முடிக்கப் பார்த்தார். இரண்டு நாட்கள் கழித்து மாணவியே இன்னும் கொஞ்ச நேரம் அதைச் செய்கிறேன் என்று கேட்டது அவருக்கு வியப்பளித்தது.

மேஸ்திரியின் வண்டியைத் தோட்டத்தில் போய்ப் பார்த்து வரும்படி பயிற்சிப் பயிற்றுநரை அனுப்பினேன். பின் பிரேக் தேய்ந்து, முன் பிரேக் துருவேறிக் கிடந்தது. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தலைகுப்புறக் கவிழும் என்று இளமையில் யாரோ சொன்னதை நம்பி, அதை அவர் தொட்டதே இல்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் நிறுத்தும் விசையில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் கிடைக்கும். கைப்பிடி திரும்பியிருக்கும்போதும் மணலிலும் வெடுக்கென்று பிடிப்பதே விழவைக்கும். கோடு போட்டு, இரு பிரேக்குகளையும் படிப்படியாக அழுத்தி நிற்கும் தூரத்தையும், பின் பிரேக்கால் மட்டும் நிற்கும் தூரத்தையும் சுண்ணாம்பால் குறித்துக் காட்டியபோது, மேஸ்திரி அந்த இடைவெளியைக் காலால் அளந்து பார்த்தார். ஓட்டத் தெரிந்தவருக்கும் கற்பிக்க இருக்கிறது என்பதைப் பயிற்சிப் பயிற்றுநர் அன்று ஒப்புக்கொண்டார்.

கற்பவராக நடித்தல்

பிரிட்டனில் 1990 முதல் புதிதாக பைக் ஓட்டுபவர்களுக்குக் கட்டாய அடிப்படைப் பயிற்சி நடைமுறையில் இருக்கிறது. அதற்கான பயிற்றுநரை மதிப்பிடும்போது, மதிப்பிடுபவரே ஒன்றும் தெரியாத கற்பவராக நடித்துப் பிழைகள் செய்வார். பயிற்றுநர் அந்தப் பிழையைக் கண்டு, காரணத்தை ஆராய்ந்து, திருத்த வேண்டும். அங்கே சாலைப் பயிற்சியில் பயிற்றுநர் வேறொரு வண்டியில் பின்தொடர்ந்து ரேடியோ வழியே வழிநடத்துகிறார். ஒரு பயிற்றுநருக்கு இரண்டு கற்பவர்களுக்கு மேல் கிடையாது. இங்குள்ள விதியின்படி பழகுநர் உரிமத்தோடு சாலையில் செல்பவரை அப்படிப் பின்தொடர்ந்து பழக்க முடியாது. ஆனால் நடிக்கும் முறையை எடுத்துக்கொள்ளத் தடை இல்லை.

நான் கற்பவராக நடித்தேன். வளைவில் திரும்பும்போது வண்டியை அகலமாக வெளியே கொண்டுபோனேன். "இன்னும் உள்ள திருப்புங்க" என்றார். மறுபடியும் அதே பிழை. பலமுறைக்குப் பின் அவர் என் முகத்தைப் பார்த்தார். என் பார்வை முன்சக்கரத்தின் மேல் இருந்ததைக் கண்டு, "அடுத்த சுற்றுல அந்த வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டே திரும்புங்க" என்றார். வண்டி திரும்பியது. பிழை கைப்பிடியில் தெரிந்தாலும் அதன் மூலம் கண்ணில் இருந்தது. அவர் இவ்வளவு காலம் வளைவுகளில் எங்கே பார்த்து ஓட்டினார் என்று கேட்டபோது பதில் சொல்ல இயலவில்லை. மறுநாள் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

மலைப்பாதையில்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் இருப்பதால், சிறிது தூரத்துக்குள் வண்டியும் வானிலையும் மாறிவிடுகின்றன. சேலத்தில் கற்பவர் உரிமம் பெற்றதும் முதலில் போக நினைக்கும் இடம் இது என்பதால், மலைப்பாடத்தையும் பயிற்றுநர் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பள்ளி விரும்பியது. மேலே சொன்ன விதி காரணமாக, தேர்வில் தேறி உரிமம் கைக்கு வந்தவர்களை மட்டுமே அழைத்துச் சென்றோம். மாணவியும் மேஸ்திரியும் அப்போது தேறியிருந்தார்கள். வார நாளின் காலைப் பொழுது தேர்ந்தெடுக்கப்பட்டது. மாணவி முன்னால், பயிற்சிப் பயிற்றுநர் தன் வண்டியில் பின்னால், அவருக்குப் பின்னால் மேஸ்திரி, கடைசியில் நான்.

தொடக்கத்து வளைவுகள் குறையின்றிக் கடந்தன. பிறகு இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில், மேலிருந்து பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி இறங்கியது. மாணவி வண்டியைச் சாலையின் இடது ஓரத்தை ஒட்டிக் கொண்டுபோனார். எஞ்சின் திணறி ஆஃப் ஆனது. இடது காலை ஊன்ற முயன்று, கால் எட்டாமல், வண்டியோடு இடப்பக்கம் சாய்ந்தார். முழங்கையில் சிராய்ப்புகூட இல்லை. கண்ணாடி உடைந்தது, கிளட்ச் லீவர் வளைந்தது.

காரணத்தை விரிவாகச் சொல்வது பயன் தரும். வளைவின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிடக் குறுகியது. இரண்டும் ஒரே உயரத்தை ஏறியாக வேண்டும். எனவே உள்விளிம்பில் ஏற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும். சாலையும் உட்பக்கம் தாழ்த்தி அமைக்கப்பட்டிருப்பதால் இடது காலுக்குத் தரை பள்ளத்தில் இருக்கும். மாணவி இரண்டாவது கியரில் அந்த விளிம்புக்குள் நுழைந்தார். "எப்பவும் இடது ஓரமா போங்க" என்று சமவெளியில் அவருக்குச் சொல்லித்தரப்பட்ட பாடத்தைத்தான் அவர் பின்பற்றினார். சமவெளியில் அது சரியும்கூட.

பயிற்சிப் பயிற்றுநர் நடந்துகொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. தன் வண்டியை வளைவுக்குக் கீழே ஓரமாக நிறுத்தி இண்டிகேட்டரை எரியவிட்டார். மேஸ்திரியைக் கீழே நின்று ஏறிவரும் வண்டிகளுக்குக் கை காட்டச் சொன்னார். மாணவி எழுந்து நிற்பதைப் பார்த்த பின்பே சாவியைத் திருப்பி வண்டியைத் தூக்கினார். அதைத் தானே ஓட்டி மேலே கொண்டுபோவதற்காகக் காலைத் தூக்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டு, இருவருமாகத் தள்ளி அகலமான இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அவர் கேட்டது, "எந்த கியர்ல வந்தீங்கம்மா?" என்பது மட்டும். மாணவி சற்று யோசித்து, "செகண்ட்ல இருந்துட்டேன் அண்ணா. ஓரத்துல ஏத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தொடர்ந்து ஏறுவதா, திரும்புவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. கை நடுக்கம் அடங்காதவரை மலையில் ஓட்டக்கூடாது என்பதால் திரும்புவதே முறை என்றேன். அவர், இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், நடுங்கும் கையோடு இறக்கத்தில் விடுவதைக் காட்டிலும் கொஞ்சம் ஆறி, அடுத்த இடப்பக்க வளைவை ஒருமுறை சரியாகக் கடந்துவிட்டு இறங்கலாம் என்றார். இருவரும் அடுத்த வளைவுவரை நடந்து சென்று, ஏறும் வண்டிகள் எந்த இடத்தில் கியர் மாற்றுகின்றன என்று வெகுநேரம் நின்று பார்த்தார்கள். அதன்பின் மாணவி, வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, ஓரத்தை விட்டுத் தன் பாதையின் நடுவே வண்டியை வைத்து, அதைக் கடந்தார். அவர் முடிவு நன்றாகவே முடிந்தது. என் முடிவும் தவறானது என்று நான் இன்றும் எண்ணவில்லை. எப்படியாயினும், தீர்மானித்தவர் அவர், காரணம் சொல்லித் தீர்மானித்தார்.

இறக்கத்தில் மேஸ்திரி தன் பழக்கப்படி நியூட்ரலில் விட்டார். பெட்ரோல் மிச்சமாகும் என்பது தோட்டத்தில் எல்லாருடைய நம்பிக்கை. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தச் சுமை முழுதும் பிரேக் மேல் விழுந்து, தொடர்ந்து பிடிப்பதால் சூடேறி, பிடிப்பு தளரும். பயிற்சிப் பயிற்றுநர் அறிவுரை சொல்லவில்லை. அகலமான இடத்தில் நிறுத்தி, இரண்டு வண்டிகளின் பின்சக்கர டிரம் பக்கமாகக் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார், தொடாமல். பட்டறை அறிவு பாடமாக மாறியதை நான் முதன்முதலாகக் கண்ட இடம் அது. மேஸ்திரி இறக்கத்தில் ஏறும் வண்டிக்கு வழிவிடும் ஒழுங்கை யாரும் சொல்லாமலே கடைப்பிடித்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும். நகரத்துக்காரர்கள் பலர் அதைச் செய்வதில்லை.

ஸ்கூட்டருக்குத் தனி இறக்கப் பாடம் தேவை என்பதும் இதன் தொடர்ச்சியாகத் தெரிந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை முழுதும் விட்டு வேகம் குறையும்போது, உள்ளிருக்கும் மையவிலக்குக் கிளட்ச் விலகி, எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போகிறது. கியர் வண்டிக்குச் சொல்லும் தீர்வு இங்கே பொருந்தாது. தொடக்கத்திலிருந்தே வேகத்தைக் குறைவாக வைத்து, விட்டு விட்டுப் பிடித்து, நடுவே நின்று ஆறவிடுவதே வழி.

விளைவுகள்

தேவையான சான்றுகளோடு அவர் பள்ளியின் பயிற்றுநராகப் பதிவுபெற்றார். கொலுசுப் பட்டறைப் பெண் முதல் தேர்வில் 'எட்டு' போடும்போது காலை ஊன்றிவிட்டதால் தேறவில்லை. அடுத்த முறை தேறினார். இப்போது பட்டறைக்கு ஸ்கூட்டரில் போய்வருகிறார், மழை நாட்களில் பேருந்தில் போகிறார். அந்தத் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். மேஸ்திரி முன் பிரேக்கைச் சரிசெய்துகொண்டார். நியூட்ரல் பழக்கம் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பின்னொரு நாள் தோட்டத்துச் சரிவில் அவர் சத்தமில்லாமல் உருண்டு வந்ததைப் பயிற்றுநரே பார்த்திருக்கிறார்.

பயிற்றுநரிடமும் குறை எஞ்சியிருக்கிறது. மைதானத்தில் அவர் மிகச் சிறப்பாக மௌனம் காக்கிறார். சாலைக் கட்டத்தில், விதிப்படி பின் இருக்கையில் ஏறியதும், பழைய பேச்சு ஓரளவு திரும்பிவிடுகிறது. அதில் அவரை மட்டும் குறை சொல்ல இயலாது. நகரச் சாலையில், ஐந்து ரோடு போன்ற சந்திப்பில், பிரேக் கையில் இல்லாமல் அடுத்தவரின் பின்னால் அமர்ந்திருப்பவரைப் பேசாதே என்று சொல்வதற்கு எல்லை உண்டு. கற்பவருக்கும் பின்னால் ஒரு முழு ஆளின் எடையோடு முதன்முதலாகப் போக்குவரத்துக்குள் நுழைவது கூடுதல் சுமை. எனவே பயிற்றுநரை ஏற்றிச் செல்வதையே தனிப் பாடமாக்கி, வளாகத்துக்குள்ளேயே பழக்கிய பிறகு சாலைக்குப் போகிறோம். இதற்கு மேல் எங்களிடம் தீர்வு இல்லை.

மறுமுறை செய்தால்

அடுத்து வரும் பயிற்சிப் பயிற்றுநரை, கற்பவர்களிடம் விடும் முன்பே நடித்துப் பழக்கும் கட்டத்துக்கு உட்படுத்துவோம். இம்முறை அது நடுவில் வந்ததால், முதல் வாரங்களின் உழைப்பு கற்பவர்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. அவர் தன் வலுவற்ற கையால் எழுதிப் பழகுவது, தான் ஓட்டியறியாத வகை வண்டியை ஓட்டக் கற்பது போன்ற வேலைகளையும் முதலிலேயே கொடுப்போம். தெரியாதவராக இருப்பது எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டவர்கள்தாம் நல்ல ஓட்டிகள்.

மலைப்பாடத்தில், ஏறுவதற்கு முன் ஒரு இடப்பக்க வளைவிலும் ஒரு வலப்பக்க வளைவிலும் நடந்து நின்று பார்ப்பது கட்டாயமாகும். 'இடது ஓரம்' என்ற அறிவுறுத்தல் மைதானத்திலேயே 'உங்கள் பாதைக்குள், ஓரத்திலிருந்து கைநீட்டும் இடைவெளி விட்டு' என்று மாற்றப்பட்டுவிட்டது.

ஏற்பளிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கென 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி விரிவடைய வேண்டும் என்ற எண்ணம் உரிமையாளருக்கு உண்டு. அதற்கு ஓர் ஏக்கர் நிலம் வேண்டும். நகரை ஒட்டி அவ்வளவு நிலத்துக்கான செலவை இப்போது பள்ளியால் தாங்க முடியாது. வாடகை வளாகத்தின் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்பட்டுள்ளது. மே மாதக் கோடை விழாக் கூட்டம் மலைப்பாதையில் ஓய்ந்த பிறகு, ஜூனில் அடுத்த அணி தொடங்கும்.